டி டிரைவில் தங்கிவிட்டவர்கள்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுக்க, பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்கு வந்துசேர்ந்தன. அதே மாவட்டத்தின் பூந்தமல்லி வட்டத்தில் இருக்கிறது காட்டுப்பாக்கம். இங்கும் இதைப் போன்ற மற்ற புறநகர்களிலும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி, பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த அந்த மடிக்கணினிதான்.

பிள்ளை படிக்கக் கொடுத்த கணினி வீட்டுக்கே பொதுவாகிப்போனது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் பான் கார்டு ஸ்கேன் ஏறியது. அம்மா கணக்கெழுதும் மகளிர் குழுவின் உறுப்பினர் பட்டியல், அக்காவின் ஜாதகம், வரன் பார்க்க அனுப்பிய படங்கள், மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாடகை ஒப்பந்தம், பாட்டியின் ரத்தப் பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கணினி ஒருவருடையது, அதற்குள் இருப்பவர்களோ பலர்.

அந்தக் கணினிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர் உள்ள பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகளும் இதனால் கைமாறும் வரிசைக்கு வந்துவிட்டன. போரூர், மணப்பாக்கம் மென்பொருள் அலுவலகங்களுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் பகுதி காட்டுப்பாக்கம். வீடு மாறும்போதெல்லாம் பரணிலிருந்து பழைய சாமான் இறங்கும். கணினி என்றால் ஷோரூம் எக்ஸ்சேஞ்சுக்கோ, ரிச்சி தெருவுக்கோ, ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கோ, கடைசியில் காயலான் கடைக்கோ போகும். போகும் முன் சொல்லப்படும் வாக்கியம் ஏறக்குறைய எங்கும் ஒன்றே: "ஃபார்மட் அடிச்சாச்சு, உள்ள ஒண்ணும் இல்ல."

அந்த வாக்கியம் பல நேரங்களில் உண்மையில்லை.

டெலீட் செய்தபின் எஞ்சுவது

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு இரண்டு இடங்களில் பதிவாகிறது. அதன் உள்ளடக்கம் காந்தத் தட்டின் ஏதோ ஒரு பகுதியில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு தனியாக ஓர் அட்டவணையில் இருக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது கணினி தொடுவது அட்டவணையை மட்டும்தான். பழைய ஃபேட் முறையில், கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் ஒரு குறியை வைப்பதே அழிப்பு. விண்டோஸ் இன்று பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையிலும், 'இந்தப் பதிவு இனி பயன்பாட்டில் இல்லை' என்று குறித்துக்கொள்வதோடு வேலை முடிகிறது. ரேஷன் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை. அந்த இடத்தின்மீது வேறொரு கோப்பு எழுதப்படும்வரை பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அதைத் தேடி எடுத்துவிடும்.

ஃபார்மட் செய்வதிலும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸில் 'குவிக் ஃபார்மட்' என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். அது சில நொடிகளில் முடிவதற்குக் காரணம், புதிய அட்டவணை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு எல்லாப் பதிப்புகளும் அந்தப் பிரிவு முழுவதிலும் பூஜ்யங்களை எழுதுகின்றன. அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கடையில் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

நம் ஊர் வழக்கம் ஒன்று இதை இன்னும் மோசமாக்குகிறது. கணினியை அசெம்பிள் செய்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்து, 'முக்கியமானதை டி டிரைவில் வைங்க. விண்டோஸ் போனாலும் ஃபைல் போகாது' என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் விற்கும் நாளில் 'விண்டோஸ் புதுசா போட்டாச்சு' என்றால் சி டிரைவ் மட்டுமே மாறியிருக்கும். டி டிரைவில் பத்திரமும் படங்களும் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள்கூடத் தேவைப்படாது. சிறு கடைகளின் டேலி கணக்கும் இப்படித்தான் தப்பிக்கிறது. கணக்குத் தரவு 'மை டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்கு வெளியே தனிக் கோப்புறையில் இருக்கும். அதைப் பலர் தேடிப் பார்ப்பதே இல்லை. கடன் வாங்கியவர்களின் பெயர், தொகை, ஜிஎஸ்டி எண், கைபேசி எண் எல்லாம் அதில் உண்டு.

158 பழைய டிஸ்க்குகள்

இந்த ஆபத்தை முதன்முதலில் விரிவாக அளந்து காட்டியவர்கள் எம்ஐடி மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும். 2000 நவம்பரிலிருந்து 2002 ஆகஸ்ட் வரை பழைய பொருள் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், நிறுவனங்களின் நிதி ஆவணங்கள், தனிப்பட்ட மின்னஞ்சல்கள் என்று எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது. வங்கிக் கணக்கு எண்கள் அதிலேயே இருந்தன. 2003-இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் இத்துறையின் தொடக்கப் பாடம்.

அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2019-இல் பிளாங்கோ, ஆன்ட்ராக் நிறுவனங்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஃபின்லாந்தில் ஈபே தளத்தில் 159 டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தன. 42 சதவீதத்தில் பழைய தரவு எஞ்சியிருந்தது.

வீட்டுக்காரருக்கு மட்டும் நேரும் கவனக்குறைவு இல்லை இது. உலகின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றான மார்கன் ஸ்டான்லி, பழைய தரவு மையங்களை மூடும் வேலையைச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. தரவு அழிப்பில் அந்த நிறுவனத்துக்கு அனுபவமே கிடையாது. அங்கிருந்து கைமாறிய கருவிகள் வாடிக்கையாளர் தரவோடு இணைய ஏலத்துக்குப் போயின. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரம் சம்பந்தப்பட்டிருந்ததால், 2020-இல் அமெரிக்க வங்கி ஒழுங்காற்று அமைப்பு 6 கோடி டாலரும், 2022-இல் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன.

நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் நினைவு உண்டு. 2010-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி, குத்தகை முடிந்து திரும்பி வந்திருந்த நகல் இயந்திரங்களை வாங்கிப் பிரித்தது. ஒன்றின் ஹார்ட் டிஸ்க்கில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவப் பதிவுகள் இருந்தன. 3,44,579 பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது; அந்த நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ஊரின் ஆதார் அட்டைகளெல்லாம் ஜெராக்ஸ் கடை வழியாகவே போய்வரும் தமிழ்நாட்டில், அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டப்படும் பெரிய நகல் இயந்திரங்களின் டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆதார் என்ற திறவுகோல்

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்க வேண்டாம். பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினிகளில் இ-ஆதாரைப் பதிவிறக்க வேண்டாம். பதிவிறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்புண்டு என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போனாலும், பொதுக் கணினியில் தங்கும் பிரதிகள் பற்றி அது எழுப்பிய கவலை நியாயமானதே.

இ-ஆதார் பிடிஎஃப்புக்கு ஒரு கடவுச்சொல் இருக்கிறது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அது என்பதை ஆணையமே பொதுவில் சொல்லியிருக்கிறது. தனியாகக் கிடைக்கும் ஒரு கோப்புக்கு அது ஓரளவு காவல். அதே டிஸ்க்கில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் ஸ்கேனும் இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் அதிலேயே கிடைத்துவிடும். பழைய கணினியின் ஆபத்து இப்படித்தான் பெருகுகிறது. ஒவ்வொரு ஆவணமும் தனித்தனியே சிறிய விஷயம். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கையெழுத்தின் ஸ்கேன், பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் ஒரே கோப்புறையில் கிடைக்கும்போது, ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் கேட்க விண்ணப்பிக்கும் அளவுக்குப் பொருள் சேர்ந்துவிடுகிறது.

பிரவுசிங் சென்டர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள், வருபவரின் அடையாள ஆவணத்தின் நகலையோ ஸ்கேனையோ குறைந்தது ஓராண்டு பாதுகாத்து வைக்கச் சொல்கின்றன. கடையை மூடும்போது அந்தக் கணினிகள் எங்கே போகின்றன என்பது, அங்கே ஒருமுறை ஹால் டிக்கெட் எடுக்கப் போனவரையும் தொடும் விஷயம்.

எத்தனை முறை எழுத வேண்டும்?

அழிப்பைப் பற்றி உலவும் பயங்களில் பெரியது, மேலெழுதினாலும் மீட்டுவிடுவார்கள் என்பது. இதன் வேர் 1996-இல் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் அந்த ஆண்டு ஒரு கட்டுரையில் 35 முறை மேலெழுதும் வரிசை ஒன்றை முன்வைத்தார். அன்றைய பலவகை டிஸ்க்குகள் ஒவ்வொன்றுக்கும் தேவையானதை ஒன்றாகத் தொகுத்ததால் வந்த எண் அது. எல்லா டிஸ்க்குக்கும் 35 முறையும் செய்வதில் பொருளில்லை என்று அவரே பிற்பாடு எழுதிச் சேர்த்தார். ஆனாலும் '7 முறை', '35 முறை' என்ற விளம்பரங்கள் நிற்கவில்லை.

இதற்குத் தெளிவான பதில் 2008 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்த தகவல் அமைப்புப் பாதுகாப்பு மாநாட்டில் வந்தது. கிரெய்க் ரைட், டேவ் கிளைமன், ஷ்யாம் சுந்தர் ஆகியோர் மேலெழுதப்பட்ட டிஸ்க்குகளைக் காந்த விசை நுண்ணோக்கியால் ஆராய்ந்திருந்தார்கள். பயன்பாட்டில் இருந்த டிஸ்க்கில் ஒரு பிட்டைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எட்டு பிட் சேர்ந்த ஒரே ஓர் எழுத்துக்கு அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு பெயரை, ஒரு கணக்கு எண்ணை மீட்பது நடக்காத காரியம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2006-இல் வெளியிட்டு, 2014-இலும் 2025-இலும் திருத்திய வழிகாட்டியும் இதையொட்டியே இருக்கிறது: சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு, முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதி, அது நடந்ததா என்று சரிபார்ப்பது சாதாரணத் தேவைக்குப் போதும்.

ஆகவே சுத்தியல் வேண்டாம். 1 டிபி டிஸ்க் ஒன்றை முழுக்க மேலெழுத இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். காசு எதுவும் ஆகாது.

எஸ்எஸ்டி வேறு வகை

கடந்த சில ஆண்டுகளில் விற்ற மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். அதில் மேற்சொன்ன வழி முழுமையாகப் பலிக்காது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லும் குறிப்பிட்ட தடவைகளே எழுதப்படத் தாங்கும். எல்லாச் செல்களும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக, எஸ்எஸ்டியின் கண்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் புது இடம் பார்த்து எழுதுகிறது. 'இந்தக் கோப்பின் மேலேயே எழுது' என்று கணினி சொன்னாலும், பழையது ஓர் ஓரத்தில் இருக்கும். புதியது வேறோர் இடத்தில் பதியும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் உள்ளே ஒதுக்கப்பட்டிருக்கும்.

சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய், ஸ்டீவன் ஸ்வான்சன் குழு 2011-இல் எஸ்எஸ்டிகளைப் பிரித்து, சில்லுகளை நேரடியாகப் படித்துப் பார்த்தது. தனிக் கோப்பை அழிக்கும் முறைகளைப் பயன்படுத்திய பிறகும் கோப்பின் 4 முதல் 75 சதவீதம்வரை எஞ்சியிருந்தது. டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் முழு அழிப்புக் கட்டளை சிலவற்றில் சரியாக வேலை செய்தது. ஒன்றோ 'அழித்துவிட்டேன்' என்று பதில் தந்தது. உள்ளே தரவு முழுவதும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எஸ்எஸ்டிகள் முன்னேறியிருக்கின்றன. கோப்பை நீக்கியதும் அந்த இடத்தைத் துப்புரவு செய்யச் சொல்லும் டிரிம் என்ற ஏற்பாடு இப்போது பொதுவானது. அதனால் சாதாரண மீட்பு மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அது முழு உத்தரவாதம் இல்லை. எஸ்எஸ்டிக்கு உறுதியான பாதை குறியாக்கம். பிட்லாக்கர், ஃபைல்வால்ட் போன்றவை இயங்கும் கணினியில் டிஸ்க்கில் எழுதப்படுவது எல்லாம் சங்கேதமாகவே எழுதப்படுகிறது. விற்கும் நாளில் சாவியை அழித்துவிட்டால், எந்த ஓரத்தில் எது எஞ்சியிருந்தாலும் யாராலும் படிக்க முடியாது. கணினி வாங்கிய அன்றே செய்துவைக்க வேண்டிய வேலை இது.

கொடுக்கும் முன்

வேலையின் வரிசை முக்கியம். முதலில் தேவையானதை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து கூகுள், மைக்ரோசாஃப்ட், ஐகிளவுட் கணக்குகளிலிருந்தும் வாட்ஸ்அப்பின் இணைப்புப் பட்டியலிலிருந்தும் இந்தக் கணினியை நீக்க வேண்டும். டேலி உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டிருந்தால் அதைச் சரண்டர் செய்ய வேண்டும்.

பிறகு அழிப்பு. விண்டோஸ் 10, 11-இல் 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதியில் 'ரிமூவ் எவரிதிங்' தேர்ந்தெடுத்து, அமைப்புகளுக்குள் போய் 'கிளீன் டேட்டா' என்பதை இயக்க வேண்டும். எல்லா டிரைவையும் சேர்க்கும் தெரிவு இருந்தால் அதையும். கிளீன் டேட்டாவை விட்டுவிட்டால் அது வெறும் டெலீட்தான். வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றது இது. அரசு, தொழில்துறை அழிப்புத் தரங்களை எட்டாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 2022-இல் ரீசெட் செய்தபின்னும் சில ஒன்டிரைவ் கோப்புகள் தங்கிவிடும் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு திருத்தவும் செய்தது.

இன்னும் உறுதி வேண்டுவோர் ஹார்ட் டிஸ்க்குக்கு என்வைப் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கலாம். எஸ்எஸ்டிக்கு, பல வணிக ரக மடிக்கணினிகளின் பயாஸ் பட்டியலிலேயே 'செக்யூர் எரேஸ்', 'டேட்டா வைப்' போன்ற பெயரில் கட்டளை இருக்கிறது. புது மேக் கணினிகளில் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' போதும். எல்லாம் முடிந்ததும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு படமாவது கிடைத்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஓடாத கணினிக்குத் தனிக் கவனம் தேவை. மதர்போர்டு செத்துப்போன மடிக்கணினியில் டிஸ்க் உயிரோடுதான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். டிஸ்க்கே பழுதாகி மேலெழுத முடியாதபோது மட்டும்தான் உடைப்பது சரியான வழி. ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளிருக்கும் தட்டும், எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும். காந்தம் வைத்து அழிப்பது ஃபிளாஷ் நினைவகத்தில் பலிக்காது.

சட்டம் வருகிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலாகின்றன. நோக்கம் முடிந்த தரவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு.

சொந்த, குடும்பத் தேவைக்காகத் தனிநபர் வைத்திருக்கும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. டியூஷன் சென்டர், பல் மருத்துவமனை, வரிக்கணக்கு பார்ப்பவர் அலுவலகம், அடுக்ககக் குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் இருபுறமும் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு இடங்களே. நோயாளிகளின் எக்ஸ்ரே படங்கள் இருக்கும் கணினியை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் அவற்றை அழிப்பது, அந்தக் கடமைகள் அமலானதும் அவர்களின் சட்டப் பொறுப்பு.

பயந்தவர்கள் பழைய கணினியைப் பரணிலேயே பூட்டிவைக்கிறார்கள். அல்லது டிஸ்க்கை நொறுக்கிவிட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் இழப்பு இருக்கிறது. லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டு ஓடக்கூடிய கணினி, வாங்க வசதியில்லாத ஒரு மாணவருக்குப் போய்ச் சேராமல் மின்கழிவாகிறது. சரியாக அழிக்கத் தெரிந்தால் பயம் போகும், கணினியும் கைமாறும்.

இதைத் தனிமனிதரின் பொறுமையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. பழைய கணினி விற்பவர்கள், டிஸ்க்கின் வரிசை எண்ணும் அழித்த முறையும் தேதியும் குறித்த ஒரு சீட்டை பில்லோடு தரலாம். அழிப்பு மென்பொருள்கள் பல அத்தகைய அறிக்கையைத் தாமே உருவாக்கித் தருகின்றன. மின்கழிவு சேகரிப்பு முகாம் நடத்தும் உள்ளாட்சிகள், டிஸ்க் அழிக்க ஒரு மேசையும் ஒரு தொழில்நுட்பரையும் சேர்த்து வைக்கலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சில ஆண்டுகளில் அவையும் பழைய பொருள் சந்தைக்கு வரத்தான் போகின்றன. அவற்றில் குறியாக்கத்தை இயக்கிய நிலையிலேயே கொடுப்பதும், கைமாற்றும்போது எப்படி அழிப்பது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பதும் அரசுக்குப் பெரிய செலவு வைக்காத காரியங்கள். அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இந்த இரண்டையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.